ஜாக்கி ராபின்சன்: இருபத்தெட்டு வயதில் ஒரு புதுமுகம்

ஏப்ரல் 15 அன்று அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் முதல் தடவை சற்றுக் குழம்பித்தான் போவார்கள். இரண்டு அணியிலும் எல்லா ஆட்டக்காரர்களின் முதுகிலும் ஒரே எண், 42. மற்ற நாட்களில் அந்த எண்ணை எவரும் அணிவதில்லை. 1997-இல் அதற்கு எல்லா அணிகளிலும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். எண்ணுக்கு உரியவர் ஜாக்கி ராபின்சன். ஆண்டுதோறும் சிறந்த புதுமுக ஆட்டக்காரருக்குத் தரப்படும் விருதும் 1987 முதல் அவர் பெயரில்தான் இருக்கிறது. தேசிய அளவில் அந்த விருதை முதன்முதலாகப் பெற்றவரும் அவரே, 1947-இல். ஆனால் அப்போது அவருக்கு வயது 28. மணமாகி, ராணுவத்தில் அதிகாரியாக இருந்து, ஒரு ராணுவ விசாரணையையும் பார்த்து முடித்தவர். அவரைப் புதுமுகம் என்று சொல்ல நேர்ந்தது எப்படி என்பதுதான் அவர் வாழ்க்கைக் கதையே.

1919 ஜனவரி 31-ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் கெய்ரோ என்ற சிற்றூரில், பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பத்தில், ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். அப்பா வீட்டை விட்டுப் போய்விட, அம்மா மாலி 1920-இல் பிள்ளைகளை ரயிலேற்றிக்கொண்டு கலிபோர்னியாவின் பாசடீனாவுக்குப் போனார். பிறர் வீடுகளில் வேலை செய்து ஐந்து பேரையும் வளர்த்தார். அண்ணன் மாக், 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்தில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்ததாக வந்து வெள்ளிப் பதக்கம் வென்றவர். ஊர் திரும்பிய பிறகு அவருக்குக் கிடைத்தது தெருக்கூட்டும் வேலை. திறமைக்கும் தோலின் நிறத்துக்கும் அமெரிக்கா போட்டு வைத்திருந்த கணக்கை, தம்பி வீட்டுக்குள்ளேயே பார்த்து வளர்ந்தார்.

லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஓட்டப்பந்தயம், கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால் என நான்கு ஆட்டங்களிலும் பல்கலைக்கழக அணியில் இடம்பெற்றார். அவற்றில் பேஸ்பாலில்தான் அவர் மோசம்! 1942-இல் ராணுவம் அழைத்தது. 1944 ஜூலையில் டெக்சஸ் முகாம் ஒன்றில், பஸ்ஸில் பின்வரிசைக்குப் போகச் சொன்ன ஓட்டுநருக்கு அவர் பணியவில்லை. விஷயம் ராணுவ நீதிமன்றம் வரை போயிற்று. குற்றமற்றவர் என்று விடுதலையானார். மான்ட்கமரியில் ரோசா பார்க்ஸ் எழ மறுத்தது இதற்குப் பதினொரு ஆண்டுகள் கழித்து.

அன்றைய பெரிய பேஸ்பால் சங்கங்களில் கறுப்பர்களுக்கு இடமில்லை. எழுதப்பட்ட சட்டம் ஏதுமில்லாமலே அறுபது ஆண்டுகளாக எல்லோரும் கவனமாகக் கடைப்பிடித்த விதி அது. கறுப்பர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கங்கள் நடத்திக்கொண்டார்கள். 1945-இல் ராபின்சன் அப்படிப்பட்ட கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்தபோது, புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அவரைக் கூப்பிட்டனுப்பினார். சுமார் மூன்று மணி நேரம் பேசிய ரிக்கி முக்கியமாகக் கேட்டது ஒன்றுதான்: எவ்வளவு வசைபாடினாலும் திருப்பி அடிக்கக்கூடாது. பஸ்ஸில் பணிய மறுத்த மனிதரிடம் இதைக் கேட்டது எவ்வளவு பெரிய கடன் என்பது ரிக்கிக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1946-இல் மான்ட்ரியல் அணியில் ஒரு ஆண்டு. பிறகு 1947 ஏப்ரல் 15, புரூக்ளின் எபெட்ஸ் மைதானம்.

அந்த ஆண்டு அவர் பட்டதைப் பலரும் எழுதிவிட்டார்கள். பிலடெல்பியா அணியின் மேலாளர் பென் சாப்மன் ஆட்களோடு சேர்ந்து நின்று வசைபாடியது, கொலை மிரட்டல் கடிதங்கள், சொந்த அணியிலேயே அவரோடு ஆட மாட்டோம் என்று கிளம்பிய சிலர். ஆனால் விருதைப் பற்றிப் பேசும்போது இவற்றை மட்டுமே சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம் என்று எனக்குப் படுகிறது. ஏதோ இரக்கப்பட்டுக் கொடுத்த பரிசு போலாகிவிடும்.

ஆட்டத்தைப் பார்ப்போம். 151 ஆட்டங்கள், 125 ரன்கள், மட்டைச் சராசரி .297. திருடிய பேஸ்கள் 29, அவருடைய சங்கத்தில் அதுவே அதிகம். நம் கிரிக்கெட்டில் இதற்கு நேரான சங்கதி இல்லை. பந்தெறிபவர் எறியத் தொடங்கும் கணத்தில், அடிக்காத பந்துக்கே அடுத்த பேஸுக்குப் பாய்ந்து ஓடிவிடுவது. போட்டியில் இருந்தவர்களும் சாமானியர்கள் அல்லர். நியூயார்க் ஜயண்ட்ஸின் பந்தெறிபவர் லாரி ஜான்சன் 21 ஆட்டங்கள் வென்று ஐந்தில் மட்டுமே தோற்றார். யாங்கீஸின் ஸ்பெக் ஷே 14 வெற்றி, 5 தோல்வி. பத்திரிகையாளர்கள் போட்ட வாக்கில் ராபின்சனுக்கு 129 புள்ளி, ஜான்சனுக்கு 105, ஷேக்கு 67. ஜான்சனுக்கே தந்திருந்தாலும் பெரிய பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் பந்தெறிபவர் சில நாட்களுக்கு ஒருமுறைதான் இறங்குவார். ராபின்சன் அநேகமாகத் தினமும், அதுவும் தனக்குப் பழக்கமில்லாத முதல் பேஸில் நின்றார். அவர் அணி அந்த ஆண்டு சங்கத்தின் முதலிடத்தையும் பிடித்தது. என் வாக்கும் அவருக்கே.

அதே ஜூலையில் கிளீவ்லண்டில் சேர்ந்த லாரி டோபியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. மற்றொரு சங்கத்தில் முதல் கறுப்பர். இடைப்பட்ட பயிற்சி அணி எதிலும் ஆடாமல் நேரே வந்தவர். 29 ஆட்டங்களில் சராசரி .156. அவரை அந்த ஆண்டு எவரும் விருதுக்கு எண்ணவில்லை. அடுத்த ஆண்டே அணியோடு உலகத் தொடரை வென்றார்.

புதுமுகம் யார் என்பதற்கு அன்று தெளிவான வரையறையும் இருக்கவில்லை. இன்று, முந்தைய ஆண்டுகளில் 130 தடவைக்கு மேல் மட்டை பிடித்தவர் புதுமுகம் ஆகமாட்டார். 1949 முதல் 1953 வரை ராபின்சனின் சங்கத்தில் விருது பெற்ற ஐவரும் (நியூகோம்ப், ஜெத்ரோ, வில்லி மேஸ், ஜோ பிளாக், கில்லியம்) கறுப்பர் சங்கங்களில் ஆடிவிட்டு வந்தவர்கள்தாம். ஜெத்ரோ முப்பதைத் தாண்டியவர். 2001-இல் ஜப்பானில் பல ஆண்டு ஆடிப் புகழ் பெற்ற இச்சிரோவுக்கு இந்த விருது கிடைத்தபோதும் இதே முணுமுணுப்பு எழுந்தது. வேடிக்கை என்னவென்றால், 2020-இல் கறுப்பர் சங்கங்களும் பெரிய சங்கங்களே என்று ஏற்று, 2024-இல் அந்த எண்ணிக்கைகளையும் ஏட்டில் சேர்த்துவிட்டார்கள். ஆகவே இன்றைய ஏட்டின்படி ராபின்சனின் முதல் ஆண்டு 1947 அல்ல, 1945!

1949-இல் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, 1955-இல் உலகத் தொடர் வெற்றி, 1962-இல் கூப்பர்ஸ்டவுன் புகழ்மண்டபம். 1956 முடிவில் தன்னைப் பரம எதிரியான ஜயண்ட்ஸுக்கு மாற்றியபோது அங்கே போகாமல் ஆட்டத்தையே விட்டார். பிறகு வணிகம், ஹார்லெமில் ஒரு வங்கி, குடியுரிமைப் போராட்டம். சர்க்கரை நோய் கண்களை வாங்கிக்கொண்டிருந்தது. 1971-இல் மூத்த மகன் கார் விபத்தில் இறந்தார்.

1972 அக்டோபர் 15 அன்று சின்சினாட்டியில் உலகத் தொடர் ஆட்டத்தின்போது அவருக்கு மரியாதை செய்தார்கள். நன்றி சொல்லிவிட்டு, ஒரு கறுப்பர் மேலாளராக நிற்பதையும் காண வேண்டும் என்று தன் குறையை அங்கேயே சொல்லிவிட்டார். ஒன்பது நாள் கழித்து மாரடைப்பில் காலமானார், வயது 53. கறுப்பர் ஒருவர் மேலாளரானது 1975-இல், கிளீவ்லண்டில். அவர் பெயர் பிராங்க் ராபின்சன், உறவினர் அல்லர். ஜாக்கி கடைசியாக ஆடிய 1956-இல் சிறந்த புதுமுகம் விருது பெற்றவர்.