தியானமும் உத்தியோகமும்: சயாஜி ஊ பா கின் சரித்திரம்

தியானம் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவருள் பெரும்பாலோர்க்குக் காடும் குகையும் காவியுடையுமே நினைவிற்கு வருகின்றன. மனைவி மக்களோடு வாழ்பவனுக்கும், காலையில் உண்டு கச்சேரிக்கு ஓடுபவனுக்கும், கடையில் தராசு பிடிப்பவனுக்கும் அதனோடு யாதொரு சம்பந்தமும் இல்லையென்று நாமே தீர்ப்புச் செய்துகொண்டு, அதனை முதுமைக் காலத்துக்கு ஒத்திவைத்து விடுகின்றோம். முதுமை வந்தபோதோ மனம் தான் பழகிய தடத்திலேயே செல்லுமன்றிப் புதுத் தடத்தை நாடுவதில்லை.

இவ்வெண்ணம் பிழையென்பதைத் தம் வாழ்க்கையாலேயே நாட்டிச் சென்ற ஒருவருடைய சரித்திரத்தை நமது சங்கத்து அன்பர்களுக்கு இம்மாதம் எடுத்துரைக்க விரும்புகின்றோம். அவர் துறவியல்லர். இல்லறத்தில் இருந்தவர், அரசாங்கக் கணக்கு இலாகாவில் குமாஸ்தாவாகப் புகுந்து, அவ்விலாகாவின் தலைமைப் பதவியை எய்தியவர், புத்தர் பெருமானது போதனையை அலுவலக மேசைக்கும் குடும்பத் தாழ்வாரத்திற்கும் கொண்டு வந்தவர். பர்மா தேசத்து ரங்கூன் நகரத்தவராகிய ஊ பா கின் என்பாரே அவர். ‘ஊ’ என்பது அந்நாட்டில் பெரியோர் பெயருக்கு முன் வைக்கும் மரியாதைச் சொல். ‘சயாஜி’ என்பது ஆசிரியரைக் குறிக்கும் உயர்வுச் சொல்.

இளமையும் கல்வியும்

இவர் 1899-ஆம் வருடம் மார்ச்சு மாதம் 6-ஆம் தேதி ரங்கூனில் தொழிலாளர் வசிக்கும் ஒரு பகுதியில், எளிய குடும்பத்தில் பிறந்தார். முதலில் மெதடிஸ்டு பாடசாலையிலும் பின்னர்ப் புனித பவுல் பாடசாலையிலும் பயின்றார். வகுப்பில் முதல்வராகவே விளங்கினார். 1917-இல் உயர்தரப் பள்ளியின் இறுதிப் பரீக்ஷையில் சிறப்பாகத் தேறித் தங்கப் பதக்கமும், கல்லூரிப் படிப்புக்கு உபகாரச் சம்பளமும் பெற்றார்.

ஆயினும் வறுமை அவரைக் கல்லூரி வாயிலிற் புகவிடவில்லை. குடும்பம் அவருடைய சம்பாத்தியத்தை எதிர்பார்த்திருந்தது. ஆதலால் படிப்பை நிறுத்தி, ‘தூரியா’ என்னும் பர்மியப் பத்திரிகையில் சிறிது காலம் வேலை பார்த்துப் பின்பு அக்கௌண்டெண்ட் ஜெனரல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். பர்மா அக்காலத்தில் இந்திய ராஜாங்கத்தின் ஒரு மாகாணமாயிருந்தமையின், அவ்வலுவலகத்தில் ஆங்கிலேயரும் இந்தியரும் மிகுந்திருந்தனர்; அந்நாட்டு மக்களோ சிலரேயாவர். சொந்த நாட்டு அலுவலகத்திலேயே சிறுபான்மையாய் இருந்து, 1926-இல் கணக்கு இலாகாப் பரீக்ஷையிலும் தேறினார். கல்லூரிப் படிப்பு இல்லையே என்று வாடும் நமது சமூகத்து இளைஞர் இதனை நினைவிற் கொள்வாராக.

சேற்றைக் கடந்து சென்ற யாத்திரை

முப்பத்தேழு வயதுவரை ஊ பா கின் தியானம் பயின்றவரல்லர். 1937-ஆம் வருடம் ஜனவரி மாதம் முதல் தேதியன்று, சயா தெட்ஜி என்னும் ஆசிரியருடைய மாணாக்கர் ஒருவர் அவரைக் காணவந்து, ஆனாபானம் என்னும் பயிற்சியை விளக்கினார். இயல்பாக உள்ளே வந்து வெளியே செல்லும் மூச்சினை நாசித் துவாரத்தினிடத்தே கவனித்திருப்பதே அப்பயிற்சி. அதனைச் செய்து பார்த்த அளவிலேயே தம் மனம் ஒருமைப்படுவதைக் கண்ட அவர், முழுப் பயிற்சியையும் பெற உறுதிகொண்டு பத்து நாள் விடுமுறைக்கு விண்ணப்பித்தார். ஒரு வாரத்திற்குள் யாத்திரை தொடங்கி விட்டார்.

ஆசிரியர் இருந்த பியாப்வேஜி கிராமம் ரங்கூன் நதிக்கு அப்பால், நெல்வயல்களின் நடுவே உள்ளது. நீர் வற்றிய வேளையாதலின் படகு பாதி வழிக்குமேற் செல்லவில்லை. கரையேறியவர் முழங்காலளவு சேற்றில் அழுந்தி, வயல்களினூடே நடந்து, சேறு படிந்த கால்களோடு ஆசிரியர் வாயிலை அடைந்தார்.

அவ்வாசிரியரும் துறவியல்லர் என்பது கவனிக்கத்தக்கது. 1873-இல் பிறந்த சயா தெட்ஜி ஒரு நெல் விவசாயி. 1903-இல் பரவிய வாந்திபேதியில் தம் மக்களைப் பறிகொடுத்து, அத்துயரம் ஆறாது, சாவில்லாத நிலையைத் தேடிப் புறப்பட்டவர். பர்மா முழுவதும் புகழ்பெற்ற லெடி சயாடோ என்னும் பேரறிஞரான பிக்ஷுவிடம் கற்று, பின்னர்த் தம் ஊருக்கே மீண்டு, அங்குள்ள குடியானவர்க்கும் பிறர்க்கும் தியானம் கற்பித்து வந்தார். ஏரைப் பிடித்த கையிலிருந்து பேனாப் பிடித்த கைக்கு இவ்வித்தை வந்து சேர்ந்தது.

பயிற்சியை முடித்து அலுவலகத்திற்குத் திரும்பியவரை மேசைமீது ஓர் உத்தரவு வரவேற்றது. இந்தியாவிலிருந்து பர்மா பிரிக்கப்பட்ட அவ்வாண்டில், புதிய கணக்கு அலுவலகத்தின் விசேஷ சூப்பரிண்டெண்டாக அவர் நியமனம் பெற்றிருந்தார். தியானத்தின் பலன் இதுவென்று நாம் சொல்ல வரவில்லை. அங்ஙனம் எண்ணுவோர் ஏமாறுவர். பதவி உயர்ந்த பின்னும் பயிற்சியைக் கைவிடாமை ஒன்றே ஈண்டுக் கருதத்தக்கது.

போதனையின் சாரம்

அவர் கற்றதும் கற்பித்ததும் யாதென அன்பர்கள் வினவலாம். சீலம், சமாதி, பிரக்ஞை என மூன்றாக அதனைப் பகுப்பர். கொலை, களவு, பிறன்மனை நயத்தல் முதலிய காமத் தீயொழுக்கம், பொய், மதுபானம் என்னும் ஐந்தினையும் நீக்குதல் இல்லறத்தார்க்குரிய சீலம். மூச்சினைக் கவனித்து மனத்தை ஒருநிலைப்படுத்துதல் சமாதி. அவ்வாறு கூர்மையுற்ற மனத்தால் தலைமுதல் கால்வரை உடலில் எழும் உணர்ச்சிகளை விருப்பு வெறுப்பின்றி நோக்கி, அவை யாவும் தோன்றி மறைவன என்று நேரே அறிதல் பிரக்ஞை. பாலி மொழியில் ‘அனிச்சம்’ எனப்படும் இந்நிலையாமை உணர்வையே ஊ பா கின் தம் போதனைக்கு அச்சாணியாகக் கொண்டார்.

இவ்வறிவு அன்றாட வாழ்விற்கு எங்ஙனம் பயன்படுமெனில், ஒரு காட்சியைக் கருதுவோம். பாகப்பிரிவினை பேசச் சகோதரர் இருவர் கூடியிருக்கின்றனர். ஒருவர் ஒரு கடுஞ்சொல் கூறுகின்றார். கேட்டவர்க்கு நெஞ்சில் வெப்பம் மூள்கிறது, மூச்சு விரைகிறது, வாய் பதிற்சொல்லுக்குத் துடிக்கிறது. பழக்கமில்லாதவர் அவ்வெப்பத்தின் ஏவலாளாகி, ஒரு வார்த்தையால் இருபது வருடத்து வழக்கினை வாங்கிக்கொள்வார். பழகியவரோ அவ்வெப்பத்தை வெப்பமென்றே காண்பார். இது வந்தது, இது போகும் என்று சிறிது நேரம் பொறுப்பார். அது தணிந்தபின் அவர் பேசும் சொல் குடும்பத்தைக் காக்கும். தியானம் கொடுப்பது இச்சிறு இடைவெளியே. குடும்பங்கள் வாழ்வதும் வீழ்வதும் இவ்விடைவெளியிலன்றோ?

ரெயில் வண்டியில் ஆசிரியராதல்

1941-இல் ரெயில்வேக் கணக்கதிகாரியாக இருந்த ஊ பா கின், கணக்குகளைப் பரிசோதிக்க வடபர்மாவிலுள்ள சௌக்ஸேக்குச் சென்றபோது, அருகிலிருந்த மலை மடாலயத்தில் வேபு சயாடோ என்னும் தவமுதிர்ந்த பிக்ஷுவைத் தரிசித்தார். கணக்கதிகாரியின் தியானத் தேர்ச்சியைக் கேட்டறிந்த அம்முனிவர், இனிப் பிறர்க்குக் கற்பிக்கக் கடவரென்று பணித்தார். அவ்வாணையை நிறைவேற்றும் சந்தர்ப்பம் உடனே வாய்த்தது. ரெயில் நிலையத்து உதவி அதிகாரி தமக்கு உபதேசிக்குமாறு வேண்டவே, தாம் வந்த வண்டியிலேயே அவரை அமர்த்தி மூச்சினைக் கவனிக்கக் கற்பித்தார். அவருடைய முதற் பாடசாலை ஒரு ரெயில் வண்டியே.

கணக்கு அலுவலகத்தில் தியானம்

1948-ஆம் வருடம் ஜனவரி மாதம் 4-ஆம் தேதி பர்மா சுதந்திரம் பெற்றது. அன்று ஊ பா கின் அந்நாட்டின் முதல் அக்கௌண்டெண்ட் ஜெனரலாகப் பொறுப்பேற்றார். 1950-இல் தம் அலுவலகத்திலேயே விபாசனா சங்கம் ஒன்றை நிறுவி, சிப்பந்திகளுக்குத் தியானம் பயிற்றினார். 1952-இல் ஷ்வேடகோன் கோயிலுக்கு வடக்கே சுமார் இரண்டு மைல் தொலைவில் சர்வதேசத் தியான மையத்தை அமைத்தார். பகலில் இராச்சியத்தின் வரவு செலவு. மற்ற வேளையில் மாணாக்கரின் மனக்கணக்கு. இவ்விரண்டையும் அவர் ஒன்றுக்கொன்று தடையாகக் கருதவில்லை. சில காலம் ஒரே சமயத்தில் மூன்று இலாகாக்களின் தலைமையைத் தாங்கினாரென்றால், தியானம் சோம்பேறிகளின் புகலிடம் என்பாரது கூற்றுக்கு வேறு மறுப்பு வேண்டுவதில்லை.

அவர் கண்டிப்பு மிக்கவர். கைக்கூலி அவரிடம் அணுகியதில்லை. 1956-இல் பிரதம மந்திரி ஊ நூ, ஊழல் மலிந்திருந்த அரசாங்க விவசாய விற்பனைக் கழகத்தைச் சீர்செய்ய அவரைத் தலைவராக்க முனைந்தபோது, அங்கிருந்த அதிகாரிகள் அஞ்சி வேலைநிறுத்தம் செய்தனர். அவர் வெகுளவுமில்லை, பணியவுமில்லை. எஞ்சியிருந்த சிப்பந்திகளைக் கொண்டே காரியங்களை நடத்தி வந்தார். சில வாரங்களில் வேலைநிறுத்தம் செய்தோர் யாதொரு நிபந்தனையுமின்றித் திரும்பினர். 1954 முதல் 1956 வரை ரங்கூனில் நடந்த ஆறாம் பௌத்த மகா சங்கீதியை நடத்திய சபைக்கும் அவர் சம்பளமில்லாத் தணிக்கையாளராக இருந்து, தருமத்திற்கு வந்த பணத்திற்குக் கணக்குக் காத்தார். தருமப் பணத்திற்குக் கணக்குக் கேட்பது பாவமென்று எண்ணுவோர் நம்மிடையே இன்றும் உளர். தியானியாகிய அவர் அங்ஙனம் எண்ணவில்லை.

சீலம் தியானத்தின் அடித்தளம் என்னும் உண்மை இங்கு விளங்குகின்றது. பகலெல்லாம் பொய்க்கணக்கு எழுதி, மாலையில் கண்மூடி அமர்பவனுக்கு அமைதி எங்கிருந்து வரும்? அவன் மூடிய கண்ணுக்குள் அப்பொய்க்கணக்கே தோன்றும்.

மதபேதமின்மை

1951-இல் ரங்கூன் மெதடிஸ்டு ஆலயத்தில், மத ஆராய்ச்சி செய்வோர் குழுவொன்றின் வேண்டுகோளின்படி பௌத்தத்தைப் பற்றி ஆங்கிலத்தில் மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். பல தேசத்தாரும் பல சமயத்தாரும் அவரிடம் பயின்றனர். தம் மதத்தை விட்டுவிடுமாறு அவர் கேட்டாரில்லை. பயிற்சிக் காலத்தில் சீலத்தைக் காக்குமாறே கேட்டார்.

1955-இல் இந்திய வமிசத்து வணிகரும் ரங்கூன் ஹிந்துக்களிடையே முக்கியஸ்தருமாகிய சத்தியநாராயண கோயங்கா, கொடிய ஒற்றைத் தலைவலிக்கு நிவாரணம் நாடி அவரை அடைந்தார். நோய் தீர்க்கும் பொருட்டு வருவோர்க்கு இது உரியதன்றென்று முதலில் மறுத்த ஆசிரியர், மனத்தூய்மையை நாடி வந்தால் ஏற்பதாகக் கூறினார். பௌத்தரிடம் கற்கலாமோ எனத் தயங்கிய வணிகர், ஒழுக்கமும் மன ஒருமையும் மெய்யறிவும் எந்தச் சமயத்திற்கும் பகையல்ல எனத் தெளிந்து மாணாக்கரானார்.

புத்தர் தோன்றிய பாரத நாட்டிலிருந்து தம் நாடு பெற்ற இவ்வித்தையை அந்நாட்டிற்கே திருப்பியளிக்க வேண்டுமென்பது ஊ பா கினுடைய நெடுநாள் அவா. அப்பயணம் அவருக்கு வாய்க்கவில்லை. 1967-இல் அரசாங்க சேவையினின்று ஓய்வு பெற்ற அவர், 1969-இல் கோயங்காவை ஆசிரியராக நியமித்து அனுப்பினார். அவ்வருடம் ஜூலை மாதம் பம்பாயில் முதற் பயிற்சி நடந்தது. அதனையடுத்து நமது சென்னையிலும் ஒரு பயிற்சி நடந்தது. தாம் பட்ட கடனைத் தம் மாணாக்கர் வாயிலாகத் தீர்த்துவிட்டு, 1971-ஆம் வருடம் ஜனவரி மாதம் 19-ஆம் தேதி ஊ பா கின் உலக வாழ்வை நீத்தார். கணக்கர் தம் கணக்கை நேர்செய்தே சென்றார்.

நாம் கொள்ளத்தக்கது

நமது சங்கத்தார் பல துறைகளில் உள்ளனர். உத்தியோகஸ்தரும், வியாபாரிகளும், பயிர்த்தொழிலாளரும், அடுக்களையில் ஓய்வறியாது உழைக்கும் தாய்மாரும் இப்பக்கங்களை வாசிக்கின்றனர். யாரும் தம் குலதெய்வத்தையோ சமயத்தையோ மாற்றிக்கொள்ளுமாறு நாம் கூறவில்லை. வித்தையை இக்கட்டுரையினின்று கற்றுவிடலாமென்றும் கூறோம்; அதற்குத் தக்க ஆசிரியரும், பத்து நாள் ஒதுக்கும் உறுதியும் வேண்டும். அவ்விரண்டும் வாய்க்குமட்டும், விடியற்காலையில் சிறிது நேரம் அசையாதமர்ந்து தம் மூச்சினைத் தாமே கவனிப்பதற்கு யாருடைய உத்தரவும் வேண்டுவதில்லை.

நம் பிள்ளைகளுக்கு உத்தியோகம் கிடைக்க வேண்டுமென்று எத்துணையோ முயல்கின்றோம். கிடைத்தபின் அவர்கள் அதில் எங்ஙனம் நடக்கவேண்டுமென்று எவ்வளவு முயல்கின்றோம்? மேலதிகாரி சினந்தால் உடைந்துபோகாமலும், தாம் மேலதிகாரியானால் பிறரை உடைக்காமலும், நீட்டப்பட்ட பணத்திற்குக் கை நீளாமலும் இருக்க மனத்திற்குப் பயிற்சி வேண்டும். சேற்றில் நடந்து அப்பயிற்சியைத் தேடிய ஏழைக் குமாஸ்தா ஒருவர், ஒரு நாட்டின் கஜானாக் கணக்கையும் தம் மனக்கணக்கையும் ஒருங்கே தூய்மையாக வைத்திருந்தார். அவ்விரு கணக்குகளையும் நமது குடும்பத்தாரும் அங்ஙனமே வைத்திருக்கக் கற்பார்களாக.