ஏரிக்குக் கணக்கெழுதிய இளைஞர்

உயிரியல் கற்போர் அனைவரும் தேர்வுக்காகப் படிக்கும் பத்து விழுக்காட்டு விதியோடு இணைந்த பெயர் ரேமண்ட் லிண்டெமன். தம் கருத்து அச்சேறியதைக் காணாமலே, இருபத்தேழு வயது நிறையும் முன் அவர் மறைந்தார் என்பதைப் பலர் அறியார்.

அமெரிக்க நாட்டு மின்னசோட்டாவில், உழவர் குடும்பத்தில் 1915-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். அங்குள்ள பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகி, சீடர் பாக் என்னும் ஏரியை ஆய்வுக்கு எடுத்துக் கொண்டார். ஏரி என்று பெயரே தவிர, ஓராள் ஆழமும் இல்லாத, தூர்ந்து வந்த நீர்நிலை அது. துணைவியார் எலினாரின் உதவியோடு ஐந்தாண்டுகள் அதன் நீரையும் சேற்றையும் அள்ளி ஆராய்ந்தார்.

எதை எது தின்கிறது என்று அவருக்கு முன்பே பலர் எழுதியிருந்தனர். தின்பதால் எவ்வளவு ஆற்றல் அடுத்த படிக்குச் சேர்கிறது என்று கணக்கிட்டதே அவர் சிறப்பு. ஏரியில் விழும் கதிரவன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கையே பாசியும் செடியும் பிடித்து வைத்தன. அதில் 13.3 விழுக்காடே அவற்றைத் தின்னும் உயிர்களைச் சேர்ந்தது. எஞ்சியதில் ஒரு பகுதி மூச்சிலே செலவாகி வெப்பமாயிற்று. ஒரு பகுதி தின்னப்படாமலே மட்கியது. அடுத்த படியில் அவர் கண்டது 22.3 விழுக்காடு. ஆகவே பத்து என்பது பிற்காலத்தார் கொண்ட தோராயமே.

எங்கள் ஊராகிய தடாவுக்கு அருகே, பழவேற்காடு ஏரியில் இவ்வுண்மையைக் கண்ணாரக் காணலாம். குளிர்காலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும். பாசியையும் சிற்றுயிர்களையும் நீரிலிருந்து வடித்துத் தின்பவை அவை. கீழ்ப்படியிலே உண்பதால் அத்தனை வயிறும் நிறைகிறது. மேற்படியிலுள்ள கழுகுகளோ சிலவே. கீழ்ப்படி நலிந்தால் மேற்படி முழுவதும் நலியும். வலை வீசும் மீனவர் வீட்டு அடுப்பும் அந்தக் கணக்கில் அடங்கும்.

இத்தகைய கருத்து எளிதில் ஏற்கப்படவில்லை. 1941-இல் டாக்டர் பட்டம் பெற்ற லிண்டெமன், யேல் பல்கலைக் கழகத்தில் ஹட்சின்சனிடம் சேர்ந்தார். அவர் இகாலஜி இதழுக்கு அனுப்பிய கட்டுரையை மூத்த அறிஞர் இருவர், போதிய சான்றின்றிக் கோட்பாடு பேசுகிறதெனத் தள்ளினர். ஹட்சின்சன் அதற்காக வாதாடினார். இதழாசிரியர் தாமஸ் பார்க் இறுதியில் ஏற்றுக் கொண்டார். நெடுநாள் நோயுற்றிருந்த லிண்டெமன், 1942 சூன் 29 அன்று உயிர் நீத்தார். அவ்வாண்டு அக்டோபரில் கட்டுரை வெளிவந்தது. சூழலியல் அதன் பின்னர் ஆற்றலைக் கணக்கிடும் அறிவியலாயிற்று.

தோழர்களே! பெரிய ஆய்வுக்கூடம் இல்லையே என்று நாம் ஏங்குகிறோம். லிண்டெமனுக்குக் கிடைத்ததும் ஒரு சேற்று ஏரிதான். நம் ஊர்களிலும் ஏரிகளுக்குக் குறைவில்லை. கணக்கெடுக்க நாம் இறங்க வேண்டும்.