கப்பல்கள் போன பிறகும் இருந்த ஊர்: அட்மிரல் சோமர்வில்லும் திருகோணமலையும்

சீனக்குடா எண்ணெய்க் குதங்களைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அம்மம்மாவின் நினைவு வரும். 1942இல் யப்பான்காரன் குண்டு போட்டபோது அவவுக்கு எட்டு வயது. தகப்பனின் தோளில் இருந்தபடி தம்பலகாமப் பக்கம் ஓடிய கதையை, 2006இல் நாங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டபோது திரும்பவும் சொன்னா. அந்த நாட்களில் இந்தக் கடலுக்குப் பொறுப்பாயிருந்த மனிதரின் பெயர் அவவுக்குத் தெரியாது. அவர் அட்மிரல் ஜேம்ஸ் சோமர்வில்.

1882இல் இங்கிலாந்தில் பிறந்த சோமர்வில், பதினைந்து வயதளவில் கடற்படையில் சேர்ந்தார். கம்பியில்லாத் தந்தி அவரது துறை. காசநோய் என்று சொல்லி 1939இல் ஓய்வுக்கு அனுப்பப்பட்டவரைப் போர் மீண்டும் அழைத்தது. 1940 யூலையில், நேற்றுவரை நட்பு நாடாயிருந்த பிரான்சின் கப்பல்களை அல்ஜீரியக் கரையில் சுடும்படி அவருக்கு உத்தரவு வந்தது. மனமில்லாமலே நிறைவேற்றினார். ஏறத்தாழ 1,300 பிரெஞ்சு மாலுமிகள் இறந்தனர். அடுத்த ஆண்டு, அவரது படையைச் சேர்ந்த ஆர்க் ரோயல் கப்பலிலிருந்து எழுந்த விமானங்கள் ஜேர்மனியின் பிஸ்மார்க்கின் சுக்கானை முடக்கின.

விமானந்தாங்கிக் கப்பல் என்பது கடலில் நகரும் ஓடுபாதை. பெரும் போர்க்கப்பலின் பீரங்கி இருபது மைல் அளவில் ஓய்ந்துவிடும். விமானமோ நூற்றுக்கணக்கான மைல் போய்த் தேடும், தாக்கும், திரும்பும். இதை நன்கு அறிந்தவரிடமே 1942 மார்ச்சில் கிழக்குக் கடற்படை ஒப்படைக்கப்பட்டது.

எதிரே வந்தவை ஐந்து யப்பானிய விமானந்தாங்கிகள். சோமர்வில் இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். எதிரி வராததால் தாக்குதல் இல்லையென்று கணித்து மாலைதீவின் அட்டு தீவுக்குத் திரும்பினார். ஹேர்மிஸ் என்ற பழைய விமானந்தாங்கியை வேறொரு பணிக்கு ஆயத்தமாகத் திருகோணமலைக்கு அனுப்பினார். கணிப்புப் பிழைத்தது. ஏப்ரல் 5இல் கொழும்பு தாக்கப்பட்டது. பகலில் மோதினால் படையே அழியும் என்பதால், மிஞ்சிய கப்பல்களை ஆபிரிக்கக் கரைக்கும் பம்பாய்க்கும் விலக்கினார்.

ஏப்ரல் 8 இரவு திருகோணமலைத் துறைமுகம் காலி செய்யப்பட்டது. மறுநாள் காலை குண்டுகள் விழுந்தன. சீனக்குடாவில் ஒரு குதம் பற்றியெரிந்தது. தெற்கே போயிருந்த ஹேர்மிஸ் திரும்பி வருகையில் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டது. அதன் விமானங்கள் கரையில் இருந்தன. கப்பலில் ஒன்றும் இல்லை. காக்க வந்த விமானங்கள் சேர முன்பே அது மூழ்கியது. 307 பேர் இறந்தனர். விமானம் இல்லாத விமானந்தாங்கி வெறும் இரும்புதான்.

படையைக் காத்ததற்காகச் சிலர் சோமர்வில்லை மெச்சினர். ஓடிவிட்டார் என்று சிலர் ஏசினர். இராணுவக் கணக்கில் அவர் செய்தது சரி என்றே எனக்கும் படுகிறது. ஆனால் கப்பலை விலக்கலாம், ஊரை விலக்க முடியாது. அம்மம்மாவின் தகப்பனுக்கு உத்தரவு சொல்ல எவரும் வரவில்லை.

1944 சனவரியில் கிழக்குக் கடற்படை திருகோணமலைக்கு மீண்டது. ஏப்ரல் 19இல் பிரித்தானியாவின் இலஸ்ரியஸ், அமெரிக்காவின் சரடோகா ஆகிய விமானந்தாங்கிகளோடு சோமர்வில் சுமத்திராவுக்கு அப்பாலுள்ள சபாங் துறைமுகத்தைத் தாக்கினார். பெரும் வெற்றி. அங்கும் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்தன. அங்கும் ஒரு ஊர் இருந்தது. அங்கேயும் ஒரு பிள்ளை தகப்பனின் தோளில் ஏறியிருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் பொறுப்பைக் கையளித்துவிட்டு வொஷிங்டன் சென்றார். 1945இல் கடற்படையின் அதியுயர் தரம் கிடைத்தது. 1949 மார்ச் 19இல் சமர்செட்டில் உள்ள தன் குடும்ப இல்லத்தில் இறந்தார்.

இன்று சீனக்குடாவில் 99 குதங்கள் நிற்கின்றன. அவற்றுக்காக 2022இலும் இலங்கையும் இந்தியாவும் உடன்படிக்கை செய்தன. இந்தத் துறைமுகத்தின் ஆழத்தை அளக்க எல்லோரும் வருகிறார்கள். கரையில் எத்தனை வீடு இருக்கிறது என்பதையும் அவர்கள் எண்ண வேண்டும். அதைத்தான் அம்மம்மா எனக்குச் சொல்லிவிட்டுப் போனதாக எடுத்துக்கொள்கிறேன்.