இரு பக்கமும் நம்பிய சுவார்ட்ஸ் ஐயர்



அந்நிய நாட்டில் குடியேறி, அதன் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து, வரி செலுத்தி வாழ்கிறோம் நாம். நம் முன்னோர் நடுவே அந்நியராய் வந்து வாழ்ந்த ஒரு தேவ ஊழியரைக் குறித்து இன்று அறிந்துகொள்ளுங்கள்.

கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர் 1726-ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டில் பிறந்தார். 1750-இல் தரங்கம்பாடிக்கு மிஷனெரியாக வந்து தமிழ் கற்றார். பின்பு திருச்சியிலும் தஞ்சாவூரிலும் ஊழியம் செய்தார்.

1779-இல் சென்னையின் ஆங்கில அரசு அவரை மைசூரின் ஹைதர் அலியிடம் சமாதானம் பேச அனுப்பியது. ஹைதர் வழிச்செலவுக்குக் கொடுத்த பணத்தை ஐயர் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் அரசிடமே ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்று அவர்கள் சொன்னபோது, தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கென்று அதை ஒதுக்கினார்.

பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். அக்காலத்தில் தஞ்சைக் குடியானவர்கள் விளைச்சலில் ஒரு பங்கை அரசுக்கு வரியாகக் கொடுக்கவேண்டும். அதிகாரிகளோ அளவுக்கு மிஞ்சிப் பிடுங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் வயல்களை விட்டு ஓடிப்போனார்கள். விதைக்கும் காலம் கடந்துகொண்டிருந்தது. பஞ்சம் வரும்போல் இருந்தது. இனி நியாயம் செய்வேன் என்று மன்னர் வாக்குக் கொடுத்தும் ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் மன்னர் ஐயரை நாடினார். ஐயர் சொல் அனுப்பியதும் சுமார் 7,000 பேர் திரும்பி வந்தார்கள். இரவும் பகலும் உழைத்தார்கள். அந்த ஆண்டு விளைச்சல் நன்றாயிருந்தது.

மன்னர் சொல்லுக்கு இல்லாத மதிப்பு ஐயர் சொல்லுக்கு ஏன் இருந்தது? அவர் யாரிடமும் காசு பிடுங்கவில்லை. சொன்ன சொல்லை மாற்றவில்லை. குடிமக்களைக் கடமை செய்யச் சொன்ன அவரே, ஆளுகிறவர்களிடம் நியாயமாய் நடக்கும்படி கேட்டார்.

ரோமர் 13-ஆம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலன் வரி செலுத்தும்படி போதிக்கிறார். அதிகாரிகளைத் தேவ ஊழியர் என்றும் அழைக்கிறார். அப்படியானால் செலுத்துகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் தேவனிடம் கணக்கு உண்டு.

ஐயர் 1798-இல் தஞ்சையில் காலமானார். அவர் வளர்த்த சரபோஜி மன்னர் அங்குள்ள ஆலயத்தில் அவருக்குப் பளிங்கு நினைவுச்சின்னம் வைத்தார்.

அன்பானவர்களே, வருமானக் கணக்கு எழுதும்போது ஒரு ரூபாயையும் மறைக்காதிருங்கள். எளியவருக்கு அநியாயம் நடக்கிறதைக் கண்டால் பேசாமலும் இராதிருங்கள். இரண்டும் சேர்ந்ததே கிறிஸ்தவக் கீழ்ப்படிதல். நம் சொல்லையும் அயலார் நம்பும்படி கர்த்தர் நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.