மெழுகுக் கப்பல் செய்த மேதை



மழைத் தண்ணியில் காகிதக் கப்பல் விடாதவர் நம்மில் யார்? சீக்கிரம் ஊறிவிடக் கூடாது என்று நான் அதன்மேல் மெழுகுவர்த்தியைத் தேய்ப்பேன். இந்த வருட எக்ஸிபிஷனுக்கு சார்ட் அட்டை, பழைய கல்யாணப் பத்திரிகை எல்லாம் வெட்டி ஒட்டி, மூன்று பாய்மரம் வைத்து 2 அடி நீளக் கப்பல் ஒன்று செய்தேன். பார்க்க வந்த ஒருவர், விளையாட்டுச் சாமான்தானே, இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டுவிட்டுப் போனார். பதில் தெரியாமல் முழித்தேன். பதில் நம்ம ஹைட்ராலிக்ஸ் புத்தகத்திலேயே இருந்திருக்கிறது! ஃப்ரூடு எண் என்று ஃபார்முலா மனப்பாடம் செய்கிறோமே, அந்த ஃப்ரூடுதான்.

வில்லியம் ஃப்ரூடு 1810-ல் இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்தில் பிறந்தார். அப்பா பாதிரியார், வசதியான குடும்பம். நம்மைப்போல் ஃபீஸ் கட்ட அலைந்தவர் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்து, புரூனல் என்ற பெரிய எஞ்சினியரிடம் ரயில் பாதை வேலை பார்த்தார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1846-ல் வேலையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். 1857-ல் அதே புரூனல், தான் கட்டிய கிரேட் ஈஸ்டர்ன் என்ற ராட்சதக் கப்பல் அலையில் எப்படி உருளும் என்று பார்க்கச் சொன்னார். அதுமுதல் கப்பலே அவர் வாழ்க்கை ஆகிவிட்டது.

அந்தக் காலத்தில் ஒரு கப்பலை ஓட்ட எவ்வளவு சக்தி வேண்டும் என்று கட்டி முடிக்கும்வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. சின்ன மாதிரியை இழுத்துப் பார்த்தால் தெரியும் என்றார் ஃப்ரூடு. பெரிய பெரிய நிபுணர்கள் நம்பவில்லை. இதற்காக அமைத்த கமிட்டியில் மற்றவர்கள் நிஜக் கப்பலைத்தான் இழுக்கணும் என்றபோது, இவர் ஒருத்தர்தான் மாறாக நின்றார்.

1867-லேயே டார்ட் ஆற்றில் ஸ்வான், ரேவன் என்று இரண்டு வடிவங்களை 3, 6, 12 அடி நீளங்களில் செய்து இழுத்துப் பார்த்திருந்தார். ரேவனுக்குக் கூர் மூக்கு, ஸ்வானுக்கு மழுங்கிய மூக்கு. கூர்தானே ஜெயிக்கும் என்று நானும் நினைத்தேன். வேகம் கூடியபோது ஸ்வானுக்கே எதிர்ப்பு குறைவு! இன்னொன்றும் தெரிந்தது. மாதிரி 16 மடங்கு சின்னது என்றால் வேகத்தையும் 16 மடங்கு குறைக்கக் கூடாது. 16-ன் வர்க்கமூலம் 4, அந்த அளவுதான் குறைக்கணும். 160 அடிக் கப்பல் 12 நாட் வேகத்தில் போனால், 10 அடி மாதிரியை 3 நாட்டில் இழுக்கணும். அப்போது இரண்டும் எழுப்பும் அலைகள் ஒரே சாயலில் இருக்கும். தண்ணீர் உரசலுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது; அதற்குத் தனியாகப் பலகைகளை இழுத்து அளந்தார்.

கடற்படை 2000 பவுண்டு கொடுத்தது. டார்க்கியில் தன் வீட்டுப் பக்கத்திலேயே 278 அடி நீளத் தொட்டி கட்டி, 1872-ல் சோதனையை ஆரம்பித்தார். இவ்வளவுக்கும் சம்பளம் வாங்கவில்லை. மாதிரிகளைப் பாரஃபின் மெழுகில் வார்த்தார். செதுக்கலாம், சரியில்லை என்றால் உருக்கி மறுபடி வார்க்கலாம். நம்ம மெழுகுவர்த்தியும் அதே பாரஃபின்தானே!

கிரேஹவுண்ட் என்ற நிஜப் போர்க்கப்பலை 1871-ல் இன்னொரு கப்பலால் இழுத்து அளந்திருந்தார்கள். மாதிரியிலிருந்து போட்ட கணக்கு அதோடு ஒத்துப்போனது. அதற்கப்புறம் பேசியவர்கள் பேச்சு அடங்கிவிட்டது.

1879-ல் தென்னாப்பிரிக்காவின் சைமன்ஸ் டவுனில், கடற்படையின் விருந்தாளியாகப் போன இடத்தில் காலமானார். வேலையை மகன் ராபர்ட் தொடர்ந்தார்.

என் அட்டைக் கப்பல் இப்போது பீரோ மேல் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகாத எங்கப்பாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அப்படின்னா அடியில் மெழுகு தடவி நம்ம மாட்டுத் தொட்டியில் இழுத்துப் பார்த்திடலாமே என்றார். ஞாயிற்றுக்கிழமை கயிறு கட்டப் போகிறோம்.