வாத்தியாரும் ஒரு மின்னலும்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் யூனியன் நண்பர்கள் கேட்டபோது, சூரிய சக்தியைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். பாதி எழுதியும் வைத்திருந்தேன். அதற்குள் பொங்கல் லீவு வந்துவிட்டது. ஆண்டிபட்டியில் இருக்கும் என் அம்மாவைப் பெற்ற தாத்தா, ஜனவரி 17 அன்று கம்பத்துக்குப் போகணும், துணைக்கு வா என்று கூப்பிட்டார். அவருக்கு முழங்கால் வலி. பஸ் படியேற ஒரு ஆள் வேண்டும். தறிச் சத்தத்திலேயே காலம் போனதால் காதும் கொஞ்சம் மந்தம். சரி, ஏதோ கல்யாணம் போலிருக்கிறது, சாப்பாடாவது நன்றாக இருக்கும் என்று கிளம்பிவிட்டேன்.

ஆண்டிபட்டியிலிருந்து தேனி, அங்கிருந்து சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம். மண்டபம்தான், ஆனால் கல்யாணம் இல்லை. வாசலில் மாலை போட்ட ஆளுயர எம்.ஜி.ஆர். படம். உள்ளே பெரியகுளம், போடி, கூடலூர் என்று பள்ளத்தாக்கு முழுவதிலிருந்தும் வந்த ரசிகர்கள் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். அறுபது வயதுக்குக் குறைந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நாலைந்து பேர் வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முழுக்கை வெள்ளைச் சட்டையோடு அசல் எம்.ஜி.ஆராகவே உலாத்திக்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. ஆனால் 1972 ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு ஓட்டலில் 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்கள் கூடி மாநாடு நடத்தினார்கள் என்று படித்திருக்கிறேன். விண்வெளி உடுப்பு மாட்டிக்கொண்டு அங்கே போகிறவர்களைப் பார்த்து நாம் சிரிப்பதில்லையே, ஆச்சரியம்தானே படுகிறோம்! கம்பத்துக்காரர் தொப்பி போட்டால் மட்டும் சிரிப்பு வருவானேன் என்று நானே என்னை அடக்கிக்கொண்டேன்.

அன்றைக்கு மண்டபத்தில் திரை கட்டிப் போட்ட படம் 'உலகம் சுற்றும் வாலிபன்'. நண்பர்களே, இது ஒரு விஞ்ஞானப் படம் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு அன்றுதான் தெரியும். முருகன் என்ற விஞ்ஞானி மின்னலிலிருந்து சக்தியைச் சேமிக்கும் வழியைக் கண்டுபிடிக்கிறார். அது போருக்குப் பயன்பட்டுவிடுமோ என்று பயந்து வெளியிட மறுக்கிறார். அசோகன் நடித்த பைரவன் என்ற இன்னொரு விஞ்ஞானிக்கு அதை விற்றுக் காசாக்க ஆசை. முருகன் காணாமல் போக, தம்பி ராஜு நாடு நாடாகத் தேடிப் போகிறான். முருகன், ராஜு இருவருமே எம்.ஜி.ஆர்.தான். படம் வந்தது 1973 மே 11. 'ஸ்டார் வார்ஸ்' வருவதற்கு நான்கு வருடம் முன்னால்!

தாத்தா அப்போது மீசை முளைத்த பையன். ஆண்டிபட்டியிலிருந்து லாரி ஏறி மதுரைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். ஒரு தடவை இல்லை, ஏழு தடவை. அந்த லாரிக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த மனிதரின் கதை.

மருதூர் கோபாலமேனன் ராமச்சந்திரன் பிறந்தது 1917 ஜனவரி 17, இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் நாவலப்பிட்டியில். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா சத்தியபாமா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கும்பகோணம் வந்து சேர்ந்தார். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. வீட்டில் அடுப்பெரிய வழியில்லாததால் அண்ணன் சக்கரபாணியும் இவரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்கள். அங்கே போனால் சோறு கிடைக்கும், அவ்வளவுதான் காரணம். மூன்றாம் வகுப்போடு நின்ற அந்த மனிதரைத்தான் பிற்காலத்தில் ஊரெல்லாம் 'வாத்தியார்' என்று கூப்பிட்டது. என் தாத்தாவும் மூன்றாம் வகுப்புதான். வாத்தியார் என்று சொல்லும்போது அவர் குரலில் ஒரு சொந்தம் இருக்கும். அதன் காரணம் இதுவாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

முதல் படம் 1936இல் 'சதி லீலாவதி'. அதில் சின்னதாக ஒரு போலீஸ் வேஷம். கதாநாயகனாக நடித்த முதல் படம் 'ராஜகுமாரி', 1947. இடையில் பதினோரு வருடம்! வந்த துண்டு வேஷங்களையெல்லாம் செய்துகொண்டு பதினோரு வருடம் ஒரு மனுஷன் காத்திருந்திருக்கிறார். மூணு வருஷ டிப்ளமோ நாலு வருஷம் ஆகிவிடுமோ என்று அழும் நம்மை நினைத்துக்கொண்டேன். (எனக்கு எலக்ட்ரிகல் மெஷின்ஸில் ஒரு அரியர் இருப்பது என் வகுப்பு நண்பர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவும்.)

அதற்குப் பிறகு 'மந்திரிகுமாரி', 'மலைக்கள்ளன்', 'மதுரை வீரன்' என்று ஏறுமுகம். 1958இல் கையில் இருந்ததையெல்லாம் கொட்டி, தானே தயாரித்து இயக்கி, இரட்டை வேடம் போட்ட 'நாடோடி மன்னன்' வந்தது. இதெல்லாம் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அதிகம் பேர் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். 1963இல் 'கலை அரசி' என்று ஒரு படம். வேற்றுக் கிரகத்து ஆட்கள் பூமிக்கு வருகிறார்கள். விஞ்ஞானத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் பாட்டுத்தான் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள பானுமதியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவரை மீட்க எம்.ஜி.ஆர். அங்கே போகிறார். மனிதன் நிலாவில் கால் வைத்தது 1969இல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைப் படியுங்கள். ஆகவே வாத்தியாருக்கு விஞ்ஞானக் கதை மேல் ஆசை திடீரென்று வந்ததில்லை என்றே நான் நினைக்கிறேன்.

1967 ஜனவரி 12இல் எம்.ஆர். ராதா அவரைச் சுட்டார். குண்டு கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், குரல் மாறிவிட்டது. நடிகனுக்குக் குரல் போனால் எல்லாம் போச்சு என்றுதானே நினைப்போம்? அந்த மாறிய குரலோடு இன்னும் பத்து வருடம் கதாநாயகனாகவே நடித்தார். அந்த மாதங்களிலேயே நடந்த தேர்தலில் பரங்கிமலைத் தொகுதியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஜெயித்தார். கழுத்தில் கட்டோடு இருந்த போட்டோதான் பிரசாரம்.

1970இல் ஜப்பானில் ஒசாகா நகரத்தில் 'எக்ஸ்போ 70' உலகக் கண்காட்சி நடந்தது. வாத்தியார் படக் குழுவோடு அங்கே போய், ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து என்று சுற்றிப் படம் பிடித்துக்கொண்டு வந்தார். படம் வெளியாவதற்குள் தமிழ்நாட்டு அரசியலே புரண்டுவிட்டது. 1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு, அதே மாதம் 17ஆம் தேதி அ.தி.மு.க.வைத் தொடங்கினார். எதிர்க்கட்சித் தலைவரான நடிகரின் படம் வெளியாகுமா, ஆகாதா என்று ஊருக்கு ஊர் பந்தயம். போஸ்டருக்கு வரி ஏறியதால் சுவரொட்டி ஒட்டாமல், கையகல ஸ்டிக்கர் அடித்து ஒட்டினார்கள். அந்த ஸ்டிக்கர் ஒன்று தாத்தாவின் இரும்புப் பெட்டி மூடியின் உள்பக்கம் இருந்தது. இப்போது பசை மட்டும்தான் மிச்சம். ஆனாலும் பெட்டியை மாற்ற விடமாட்டார்.

இனி லாரிக் கதை. படத்தின் கடைசியில் ஒரு அறிவிப்பு வரும். அடுத்த தயாரிப்பு 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு' என்று. அதாவது தொடர்கதை! இன்று ஹாலிவுட்காரர்கள் படத்துக்குப் படம் செய்வதை அன்றே செய்திருக்கிறார்கள். தாத்தா ஏழாவது தடவை பார்த்துவிட்டு ஊர் திரும்பும்போது லாரி டிரைவரிடம் அந்தப் படம் எப்போது வரும் என்று கேட்டிருக்கிறார். அடுத்த தீபாவளி என்று டிரைவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அந்தத் தீபாவளி வரவே இல்லை. வாத்தியார் அரசியலில் மூழ்கிவிட்டார். 1977இல் முதலமைச்சர் ஆனார். 1978இல் வந்த 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' அவர் நடித்த கடைசிப் படம். ராஜு ஆப்பிரிக்காவுக்குப் போகவே இல்லை. 2018இல் அதே பெயரில் அனிமேஷன் படம் எடுப்பதாக ஒரு அறிவிப்பு வந்தது. அதைச் சொன்னேன். பொம்மைப் படமா என்று கேட்டதோடு தாத்தா விட்டுவிட்டார்.

ஆட்சியைப் பற்றி எழுதினால் இந்த மலர் போதாது. 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவை மட்டும் சொல்கிறேன். அதற்கு முன்பே காமராசர் காலத்து மதிய உணவு இருந்தது. இவர் அதை மிகவும் விரித்தார். அந்தத் தட்டில் சாப்பிட்டுத்தான் என் அம்மா பத்தாவது வரை படித்தார். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தொட்ட முதல் ஆள். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் வாசல் திறந்ததும் 1984 வாக்கில், அவர் ஆட்சியில்தான். அது நல்லதா கெட்டதா என்று ஹாஸ்டலில் விடிய விடிய விவாதிக்கலாம். மதுவிலக்கு 1981இல் தளர்ந்ததும், டாஸ்மாக் 1983இல் உருவானதும் அவர் ஆட்சியில்தான். படத்தில் குடிக்காத வாத்தியார் ஆட்சியில் இது எப்படி என்று தாத்தாவைக் கேட்டால் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவார். மற்ற நேரம் நன்றாகவே கேட்கும்.

எங்கள் ஊர் கதைக்குள் வருவது 1984இல். அக்டோபரில் அவருக்கு உடல்நலம் கெட்டது. அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அண்ணன் மகள் கொடுத்த சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். அந்த நிலையில், அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த ஆண்டிபட்டித் தொகுதிக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே மனுப் போட்டார். ஒரு நாள்கூடப் பிரசாரத்துக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் சாப்பிடுவதையும் பேப்பர் படிப்பதையும் வீடியோ எடுத்து ஊர் ஊராகக் காட்டினார்கள். தாத்தா தெருவில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர். அவரைப் பொறுத்தவரை வாத்தியார் நடித்த கடைசிப் படம் அதுதான். டிசம்பர் 24 ஓட்டுப்பதிவு. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஆண்டிபட்டி அவரை ஜெயிக்க வைத்தது. வராத படத்துக்குக் காத்திருந்த தாத்தா, வராத வேட்பாளருக்கு ஓட்டுப் போட்டார்.

1986 ஜூலையில் மதுரையில் எம்.ஜி.ஆர். மன்றங்களின் மாநாடு நடந்தது. ஜெயலலிதா அவருக்கு வெள்ளிச் செங்கோல் கொடுத்தது அந்த மாநாட்டில்தான். தாத்தா மறுபடி லாரி ஏறினார். கூட்டத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் தூரத்தில் ஒரு வெள்ளைத் தொப்பி. அதுதான் அவர் வாத்தியாரை நேரில் பார்த்த ஒரே தடவை. மறுவருடம் 1987 டிசம்பர் 24, அந்த ஓட்டுப்பதிவு நடந்து சரியாக மூன்று வருடம் முடிந்த நாளில், எம்.ஜி.ஆர். காலமானார். 1988இல் பாரத ரத்னா அறிவித்தார்கள்.

இப்போது கம்பத்து மண்டபத்துக்கு வருவோம். மின்னல் காட்சி வந்ததும் தாத்தா என் தொடையில் ஒரு தட்டு தட்டி, பெருமையாக என்னைப் பார்த்தார். எனக்குச் சட்டென்று விளங்கியது. பத்தாவது முடித்ததும் நான் ஆட்டோமொபைல் கேட்டு அடம் பிடித்தபோது, வீட்டில் எல்லாரும் சரி என்றும், இவர் ஒருத்தர் மட்டும் கரண்டுப் படிப்புத்தான் படிக்கணும் என்று நின்று என்னை ட்ரிபிள்-ஈயில் சேர்த்தாரே, அதற்குக் காரணம் லைன்மேன் வேலை இல்லை, விஞ்ஞானி முருகன்!

படம் முடிந்து, அந்தக் கடைசி அறிவிப்பு திரையில் வந்தது. அதுவரை விசிலடித்த மண்டபம் அப்படியே அமைதியாகிவிட்டது. தொப்பிக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அந்தப் படம் வராது என்று தெரியும். ஆனாலும் எழுத்து மறைகிற வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில், வீரபாண்டி தாண்டும்போது, என் வாய் சும்மா இருக்கவில்லை. கணக்குச் சொன்னேன். ஒரு சராசரி மின்னலில் சுமார் நூறு கோடி ஜூல் சக்தி. 36 லட்சத்தால் வகுத்தால் ஏறக்குறைய 278 யூனிட். முப்பதாயிரம் ஆம்பியர் பாய்ந்தாலும் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். பெரும்பகுதி காற்றிலேயே வெப்பமாகவும் ஒளியாகவும் இடிச் சத்தமாகவும் போய்விடும். முழுசாகப் பிடித்தால்கூட நம் வீட்டுக்கு மூன்று நான்கு மாதம்தான் வரும். போன செமஸ்டரில் ஐ.வி. போனபோது பார்த்தோமே லோயர் கேம்ப் பவர் ஹவுஸ், மலையிலிருந்து ராட்சசக் குழாயில் பெரியாறு தண்ணீர் இறங்குமே, அது முழு ஓட்டத்தில் ஓடினால் இந்த 278 யூனிட்டைப் பத்தே வினாடிக்குள் எடுத்துவிடும். அதனால் வாத்தியார் படத்து மின்னல் சமாசாரம் நடக்காது என்று முடித்தேன்.

சொன்ன பிறகுதான் ஏன் சொன்னோம் என்றிருந்தது. ஐம்பது வருடமாக ஒரு மனுஷன் நெஞ்சில் வைத்திருந்ததை ஒரு வகுத்தல் கணக்கில் உடைத்துவிட்டேனோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாகத் தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். தேனி பஸ் ஸ்டாண்டு வரும் வரை பேச்சே இல்லை. ஆண்டிபட்டி பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, முருகன் அந்தக் கண்டுபிடிப்பை ஏன் வெளியில் விடாமல் மறைத்தார் என்று இப்பத்தான் புரிகிறது என்றார். கணக்கு உதைத்திருக்கும், அதான் மறைத்துவிட்டார் என்று சொல்லி அவரே சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

அப்புறம் 36 லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ஒரு கிலோவாட், ஒரு மணி நேரம், 3600 வினாடி என்று டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். டிக்கெட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த மெஷின்ஸ் பரீட்சை எந்தத் தேதி என்று விசாரித்தார்.