பேட்டரி காரில் பறந்த "சிவப்புப் பிசாசு"! விளையாட்டு வினையானது

பெல்ஜியம் நாட்டு என்ஜினீயர் கமில் ஜெனாட்சி. தாடி செக்கச்செவேல் என்று இருக்கும். பட்டப்பெயர் "சிவப்புப் பிசாசு".

பாரீசில் சொந்தக் கம்பெனி வைத்து மின்சார வண்டிகள் செய்தார். வேறு கம்பெனியின் மின்சாரக் காரில் ஒரு பிரபு வேக சாதனை செய்தார். இவருக்குப் பொறுக்குமா?

துப்பாக்கிக் குண்டு வடிவில் புதுக் கார் செய்தார். 29-4-1899 அன்று மணிக்கு 105 கிலோமீட்டர் வேகம்! 100-ஐத் தாண்டிய முதல் கார் பேட்டரி கார்தான்.

ஆனால் பேட்டரி பெரும் பாரம். சார்ஜும் சீக்கிரம் தீர்ந்தது. பெட்ரோல் ஜெயித்தது. ஜெனாட்சியும் மெர்சிடஸ் காருக்கு மாறி, 1903-ல் அயர்லாந்து பந்தயத்தில் கோப்பை வாங்கினார்.

1913-ல் வேட்டைக்குப் போனார். நண்பர்களைப் பயமுறுத்த, புதருக்குப் பின்னால் ஒளிந்து மிருகம்போல் கத்தினார். நண்பர் ஒருவர் சுட்டுவிட்டார்.

தன் சாவு மெர்சிடஸ் காரில்தான் என்று முன்பே சொல்லி வந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், மெர்சிடசிலேயே உயிர் போனது.